குறில், நெடில்

மூப்பர் வைபுலு என்று
சட்டைப் பையின் மேல் கறுப்புத் தகட்டில் எழுதியிருக்கிறது.
மூப்புக்கு வயது பத்தொன்பது.
நரை என்று பார்த்தால்
நேற்றுத் தலையில் விழுந்த யூட்டா பனிதான்.
உள்ளே வந்ததும் உருகிவிட்டது.

ஒன்பது வாரத்தில் ஃபின்னிஷ் பேச வேண்டும்.
பிறகு விமானம், துர்க்கு நகரம்,
அந்நியர் வீட்டுக் கதவுகள்.
விளக்குக்கு, அலமாரிக்கு, கண்ணாடிக்கு,
ஒருநாள் தூங்கும்போது என் நெற்றிக்கும்கூட
மஞ்சள் தாளில் பெயர் எழுதி ஒட்டினான்
அறைத்தோழன் தேய்ன்,
வயோமிங்கில் மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை.
பெயரில்லாத பொருள் இந்த அறையில் இனி ஒன்றே ஒன்று.
அது என் தலையணைக்கு அடியில்.

அம்மா முடைந்த இடுப்புப் பாய்.
தாழையோலை. எங்கள் வவாவு தீவின் உப்பும்
கொஞ்சம் பெட்ரோலும் மணக்கும்,
அப்பாவின் படகு மேல் காயப்போட்டதால்.
முதல் வாரம் இரவெல்லாம் முகர்ந்தேன்.
இப்போது எண்ணி எண்ணி முகர்கிறேன்.
மணமும் தீர்ந்துபோகிற பண்டம்தானே.

செவ்வாய் மாலை ஒத்திகை.
சகோதரி ராஸ்முசென் கைக்குட்டையைத் தலையில் கட்டி
இர்மேலி என்ற விதவையானாள்.
கடவுள் மேல் கோபம் உள்ள விதவை.
கதவைத் தட்டினேன், உட்கார்ந்தேன், வியர்த்தேன்.
விடைபெறும்போது
நாளை உங்களைச் சந்திக்கிறேன் என்றேன்.
என்றதாக நினைத்தேன்.
தபான் என்றால் சந்திக்கிறேன்.
தபன் என்றால் கொல்கிறேன்.
நெடிலைக் குறிலாக்கி
ஒரு விதவைக்கு நாள் குறித்துவிட்டேன்.
இர்மேலி முகம் மாறவில்லை.
"நாளையா? காப்பி போட்டு வைக்கிறேன்."
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
எல்லோரும் நிறுத்திய பிறகும்
என் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.
அது சிரிப்பில்லை என்று
முதலில் கண்டுகொண்ட தேய்ன்
தன் புத்தகக் கட்டைத் தரையில் போட்டான்.
பெரிய சத்தம். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

திங்கள் கடிதத்தில் இதை எழுதவில்லை.
ஆவியின் பலம் உணர்கிறேன், சாப்பாடு நன்று,
காலுறை போதும் என்று எழுதினேன்.
பொய்யில்லை. காலுறை போதும்தான்.
தங்கையின் பதில்:
ஈரப்பலா காய்த்துக் கொட்டுகிறது.
உன் கட்டிலில் நாய் படுக்கிறது.
அம்மா துரத்துவதில்லை.

இந்த மொழியில் எதிர்காலம் கிடையாது.
போகிறேன், போவேன் இரண்டும் ஒரே சொல்.
வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிப் பார்த்தேன்.
நடுவில் இருந்த இரண்டு வருடம்
எங்கே போயிற்று?

ஊரில் என் ஜெபம் நீளம்.
பிதாவே என்று தொடங்கினால்
தட்டில் கிழங்கு ஆறிவிடும்.
அலங்காரமெல்லாம் பிரசங்கங்களில் கடன் வாங்கியது.
இங்கே என்னிடம் நூறு சொல்லும் தேறாது.
அப்பா. பனி. நன்றி.
ரொட்டி நல்லது. தேய்ன் நல்லவன்.
நீர் இருக்கிறீரா என்று கேட்க நினைத்தேன்.
கேள்வி வாக்கியம் அடுத்த வாரப் பாடம்.

நேற்று இரவு ஒரு மணிக்கு
குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது.
இவ்வளவு நேரம் யாரும் கை கழுவமாட்டார்கள்.
வெளியே வந்தவன் என்னைப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் மண்டியிட்டான்.
பக்கத்தில் நானும்.
"அப்பா" என்றான். "அம்மா" என்றான்.
தேடினான். "மாடு."
இன்னும் தேடி, "மாடு பெரியது."
எனக்குச் சிரிப்பு முட்டியது,
அவன் அழுகையில் இருந்தான்.
'உடையவன்' என்று சொல்ல இம்மொழியில் வினை இல்லை.
எல்லாம் நம்மிடம் வந்து இருக்கும், அவ்வளவுதான்.
எங்களிடம் ஏக்கம் இருக்கிறது என்றேன்,
ஆமென் சொல்ல மறந்தோம்.

தலையணைக்கு அடியில் கை விட்டு
அவன் மடியில் பாயை வைத்தேன்.
முகர்ந்தான். பெட்ரோலா என்றான்.
பிறகு மஞ்சள் தாளை எடுத்து
இதன் பெயர் என்ன என்று கேட்டான்.
தஓவல என்றேன்.
ஃபின்னிஷ் வழக்கப்படி அகரத்தையெல்லாம் இரட்டித்து
குறில் ஒவ்வொன்றையும் நெடிலாக இழுத்து எழுதினான்.
திருத்தவில்லை.